உபதேசியாரும் எலியா வழக்கும்

அன்றைக்கு எங்கள் வேதக்கோயிலுக்குள் இருந்தவர்கள் இவர்கள்.

போதகர் ஐயா. நாகர்கோவிலில் இருந்தார். மாதம் ஒரு தடவை சைக்கிளில் வருவார்.

கருப்பட்டிக்கடைக்காரர். வடசேரிச் சந்தையில் கடை. சபையில் பெரியவர்.

அவருடைய மச்சினன். இவரும் சபையில் பெரியவர்தான். மச்சான் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

ஞானம்மை. விதவை. ஓலைப்பெட்டி முடைந்து பிழைத்தவள்.

காய்ச்சலில் கிடந்து எழும்பிய ஓர் ஆள். பெயர் தெரியாது. பெயர் என்ன என்பதற்காகத்தான் கூட்டமே.

உபதேசியார்.

நான். கோயில் மணி அடிப்பது, கூட்டிப் பெருக்குவது, குழி வெட்டுவது என் வேலை.

சன்னலுக்கு வெளியே கணக்கப்பிள்ளை. பக்கத்து ஊர்ச் சைவப்பிள்ளை. பெரிய பண்ணை ஒன்றில் கணக்கு எழுதினார். உள்ளே வர மாட்டார். ஒன்றையும் விட்டுவிடாமல் கேட்பார்.

இவர்களில் இப்போது மிச்சம் நான் ஒருவன். அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புவரை படித்தவன். குறை இருக்கும்.

உபதேசியாரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவரவர் பெயரை அவரவர்தான் சொல்லவேண்டும் என்பது அவர் கட்சி. அவர் போய் வெகுகாலம் ஆயிற்று. அவருக்காக நான் சொல்வதற்கில்லை.

போதகர் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்துவது, வீடு சந்திப்பது, சபைப் புத்தகங்கள் எழுதுவது உபதேசியார் வேலை. பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம். திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுப்பவர்களுக்கு ஒரு புத்தகம். செத்தவர்களுக்கு ஒரு புத்தகம். மூன்றும் ஒரு தகரப்பெட்டியில் இருக்கும்.

ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையின் பெயரை அவர் பென்சிலால்தான் எழுதுவார். பிள்ளைக்குப் பேச்சு வந்து, அவர் முன்னால் நின்று, தன் வாயால் பெயரைச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் பென்சில் எழுத்தின் மேல் மை ஓட்டுவார். மூன்று வயதானால் எங்கள் ஊரில் தாய்மார் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அவரிடம் கூட்டி வருவார்கள். வேறு எந்தச் சபையிலும் இப்படி ஒரு வழக்கம் நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு குட்டிப்பெண், "எனக்க பேரு மகாராணி" என்றது.

அவர் பேனாவை மையில் தொட்டார். "எழுதட்டா? எழுதினா அழியாது, கேட்டியா?"

அது அழுதுகொண்டு ஓடிப்போயிற்று. மறுநாள் வந்து சரியான பெயரைச் சொன்னது.

போதகர் ஐயா ஒரு தடவை புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கோபப்பட்டார். "என்ன ஓய் இது, பாதிப்பேரு பென்சில்ல கிடக்கு. அழிஞ்சு போனா என்ன செய்வீரு?"

"சொல்லதுக்கு ஆளு உண்டும்லா ஐயா" என்றார் உபதேசியார்.

அவர் அப்படித்தான். இவர் இன்னார் என்று யாரைப் பற்றியும் அவர் வாயில் வராது. என்னைத் தினமும் பார்ப்பவர். வெளியூர் ஆள் ஒருவரிடம் என்னைக் காட்டி, "இவுகளே சொல்லுவாவ" என்று விட்டுவிட்டார்.

வடசேரிச் சந்தையில் நடந்தது ஒன்று. நானும் கூட இருந்தேன். வாழைக்குலை விற்ற ஒருவன் இவரைக் கண்டதும் எழும்பி ஓடி வந்தான்.

"கம்பவுண்டரே! எனக்க அம்மைக்க காலக் காப்பாத்துன தெய்வமாக்கும் நீரு."

"நான் கம்பவுண்டரு இல்ல."

"வெளையாடாதேயும். அந்த மூக்க நான் மறப்பனா?"

"மூக்கு என்னுது. ஆளு நான் இல்ல."

அவன் விடவில்லை. கூட்டம் கூடியது. நன்றி சொல்ல வந்தவனை வேண்டாம் என்பது பாவம் என்று கூட்டம் அவன் பக்கம் பேசியது. ஒரு முழுக்குலை ரசகதலியை இவர் தோளில் ஏற்றிவிட்டுத்தான் போனான். இவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஐந்து மைல் நடந்து அவன் அம்மைக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போனார். மூக்கு நீண்ட கம்பவுண்டர் யார் என்று விசாரித்தார். குலையை அவரிடம் இறக்கினார். ஒரு பழம் பிய்க்கவில்லை. எனக்குப் பசி. கேட்டுப் பார்த்தேன். "நமக்குள்ளதா இது?" என்றார்.

இன்னொன்று. இவர் தென்னை விளையில் தேங்காய் திருடுபோயிற்று. ஊரில் வரி பிரிக்கும் சர்க்கார் பார்வத்தியக்காரர் ஒருவனைப் பிடித்து நிறுத்தினார்.

"பறிச்சவன் இவன்தானே?"

"நான் முதுகத்தான் பாத்தேன்."

"செரி, இவனுக்க முதுகுதானே?"

"அவன்ட்ட கேளும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திருடனிடம் கேட்டால் யார் ஒத்துக்கொள்வார்? அவன் இவர் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு, "நான்தான்" என்றான். சிரித்தவர்கள் வாய் அப்படியே நின்றது.

எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். கருப்பட்டிக்கடைக்காரரின் தகப்பனார் செத்தபோது, பெயரையும் பிறந்த நாளையும் வாசித்து, ஜெபம் பண்ணி முடித்துவிட்டார். "ரெண்டு நல்ல வார்த்தை சொல்லப்படாதா ஓய்?" என்று மகன் கேட்டார். "நல்ல ஆளுதான்னு அவரு எங்கிட்ட சொல்லல்லியே" என்றார். அந்தப் பகை நின்றுவிட்டது.

எலியா வழக்கு இப்படி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை கழிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை யாரிடமோ எங்கள் வேதத்தை இரவல் வாங்கி வாசித்திருந்தார்.

"ஓய் உபதேசியாரே, ஒம்ம வேதத்திலயும் மறுபிறப்பு உண்டும்லா? பின்ன என்னத்துக்கு வே இல்ல இல்லன்னு பிரசங்கம் பண்ணுதீரு?"

கணக்கப்பிள்ளை சொன்னது இதுதான். எலியா பழைய காலத்துத் தீர்க்கதரிசி. யோவான் ஸ்நானகன் இயேசுவின் காலத்தில் ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்தவர். நடுவில் பல நூறு வருடம். ஓர் இடத்தில் இயேசு, உங்களுக்கு ஏற்றுக்கொள்ள மனமிருந்தால் வரவேண்டிய எலியா இந்த யோவான்தான் என்கிறார். இன்னோர் இடத்தில் எருசலேமிலிருந்து ஆட்கள் வந்து, நீர் எலியாவா என்று யோவானிடமே கேட்கிறார்கள். யோவான் இல்லை என்கிறார்.

"இப்பம் சொல்லும். யோவான் எலியாவா, இல்லியா?"

உபதேசியார் யோசிக்கவே இல்லை. "அவருட்டயே கேட்டாவ. இல்லன்னுட்டாரு."

"அப்போ ஒங்க சாமி சொன்னது?"

"அதும் எழுதியிருக்கு. ரெண்டையும் வாசிப்பேன். ஆனா ஒரு ஆளு யாருன்னு கேட்டா, முதல் சாட்சி அந்த ஆளுதான்."

கருப்பட்டிக்கடைக்காரர் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் அதைப் போதகர் ஐயாவிடம் கொண்டுபோனார். அடுத்த மாதம் போதகர் சைக்கிளை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்தார்.

"கர்த்தருக்க வார்த்தைக்கு மேலயா ஓய் யோவானுக்க வார்த்தை?"

"மேலன்னு சொல்லல்ல ஐயா."

"பின்ன? யோவானுக்குத் தன்னைத் தெரியல்ல. நம்மள்ல யாருக்குத் தன்னைத் தெரியும்? தெரிஞ்சவர் சொன்னார். எலியாவுக்க ஆவியும் பலமும் யோவான்ட்ட உண்டு. அதாக்கும் அர்த்தம்."

சன்னலில் கணக்கப்பிள்ளை. "ஆவியும் அதே, பலமும் அதேன்னா, மிச்சம் மாறுனது என்ன வே, வேட்டி மட்டுமா?"

நான் சிரித்துவிட்டேன். போதகர் ஐயா என்னைப் பார்த்தார். நான் விளக்குமாற்றை எடுத்தேன்.

உபதேசியார், "நீங்க சொல்லதும் செரியா இருக்கும் ஐயா. ஆனா கேட்டப்போ அவரு இல்லன்னாரு" என்றார். அதைவிட்டு அசையவில்லை. சபைக்கு விரோதமான உபதேசம், மேலிடத்துக்கு எழுதுவேன் என்று போதகர் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாதத்தில்தான் ஆள் வந்தான்.

சனிக்கிழமை காலையில் கூட்டப் போனேன். கோயில் வராந்தாவில் ஒருவன் சுருண்டு கிடந்தான். தாடி. உடம்பு மஞ்சள் பூத்திருந்தது. காலெல்லாம் அட்டை கடித்த புண். பேச்சிப்பாறை மலையிலிருந்து இறங்கி வந்தவன் என்று அந்தக் காலே சொல்லிற்று. தலைக்கு ஒரு துணி மூட்டை. தொட்டால் அடுப்பு மாதிரிச் சுட்டது.

ஞானம்மை ஓலை எடுக்க அந்த வழியாக வந்தாள். சொம்பில் வெள்ளம் கொண்டுவந்து அவன் தலையைத் தூக்கிக் கொடுத்தாள். முகத்தைப் பார்த்தாள். சொம்பு விழுந்தது.

"எனக்க மக்களே!"

ஒரு பிள்ளையானாலும் எங்கள் பக்கத்தில் மக்களே என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு ஒரே மகன். தாவீது. மீசை அரும்பாத வயதில் கங்காணி ஒருவனோடு கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனான். பதினாறு வருடம். ஒரு கடிதம் வரவில்லை. கோயிலில் அவள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓலைத் தடுக்குப் போட்டு வைத்திருப்பாள். அதில் யாரையும் உட்கார விடமாட்டாள். எல்லோருக்கும் அது தெரியும்.

அவன் கண்ணைத் திறந்தான். "நான் இல்லம்மா" என்றான்.

"காய்ச்சலு. பிதற்றுகான்" என்று அவள் என்னிடம் சொன்னாள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அவள் வீட்டில் கொண்டு கிடத்தினோம்.

ஒன்பது நாள் பார்த்தாள். பெட்டி முடையவில்லை. சந்தைக்குப் போகவில்லை. நான் போகும்போதெல்லாம் காதில் விழுந்தது இதுதான்.

"நான் இல்லம்மா."

"செரி மக்களே, இல்ல. கஞ்சியக் குடி."

ஊரே வந்து பார்த்தது. பாதிப்பேர் அவன்தான் என்றார்கள். பாதிப்பேர் இல்லை என்றார்கள். நான் தாவீதைச் சிறுபிள்ளையில் பார்த்தவன். எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் நின்று பார்த்தால் அவன். மறுபக்கம் வந்து பார்த்தால் இல்லை. பேச்சு மலைக்குக் கிழக்கேயுள்ள பாண்டிப் பேச்சாக இருந்தது. பதினாறு வருடம் அந்நிய சீமையில் கிடந்தால் பேச்சு மாறாதா என்றும் சொன்னார்கள்.

உபதேசியார் ஒரே ஒரு தடவை போனார். ஆட்கள் கூடி நிற்கையில், "நீ யாரு?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

வருகிற ஞாயிறு போதகர் வரும் நாள். திருவிருந்து. மகனைப் பக்கத்தில் உட்கார்த்தித் திருவிருந்து எடுக்கவேண்டும் என்று ஞானம்மை கேட்டாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். எங்கள் சபையில் அதற்கு ஒரு சட்டம் உண்டு. வெளியூர்க்காரன் என்றால் அவன் சபையிலிருந்து, இவன் இன்னார் என்று கடிதம் கொண்டுவரவேண்டும். எங்கள் பிள்ளை என்றால் கடிதம் வேண்டாம். உபதேசியார் திருவிருந்துப் புத்தகத்தில் பெயரை எழுதினால் போதும். இவன் தன்னிடம் கடிதம் கிடையாது என்றான். அதனால் முந்தின நாள் சனிக்கிழமையே போதகர் வந்து கூட்டம் போட்டார்.

ஜெபம் பண்ணினார். பிறகு கேட்டார்.

"தம்பி, நீ தாவீதா?"

"இல்லங்க ஐயா."

"பின்ன நீ யாருலே?" என்றார் கருப்பட்டிக்கடைக்காரர்.

அவன் தரையைப் பார்த்தான்.

"யாருலே?" என்றார் மச்சினன்.

ஞானம்மை எழும்பினாள். "எனக்க பிள்ளைக்கு வலது முட்டில தழும்பு உண்டு. சின்னதுல ஆட்டுக்கல்லுல விழுந்தது. இவனுக்கும் உண்டு. பாருங்க ஐயா."

உபதேசியார் எழும்பித் தன் வேட்டியை முட்டுவரை தூக்கினார். "எனக்கும் உண்டு. நான் தாவீதா?"

சிரித்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. ஞானம்மை முகம் செத்த முகம் ஆயிற்று. ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு அவர் மேல் கோபம் வந்தது.

போதகர் ஐயா அவர் பக்கம் திரும்பினார். "செரி. இப்பம் சொல்லும் உபதேசியாரே. இவன் தன்னை இல்லங்குகான். பெத்தவ ஆமாங்குகா. யாருக்க சொல்லு செல்லும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் இந்த ஆளை விசாரிக்கவில்லை. எலியாவை விசாரித்தார்கள். போதகர் ஐயாவின் கண்ணில் தெரிந்தது. இவன் மகன் என்று முடிந்தால் அவர் ஜெயித்தார். இல்லை என்று முடிந்தால் உபதேசியார் ஜெயித்தார். நடுவில் ஒரு தாயும் ஒரு நோயாளியும் நின்றார்கள்.

"அவன்ட்ட கேட்டாச்சு ஐயா" என்றார் உபதேசியார்.

"அப்பம் ஒரு தாய்க்க கண்ணு பொய்யா?"

"பொய்யின்னு சொல்லல்ல."

"கர்த்தருக்க வாக்கையும் நீரு இப்படித்தான் தள்ளுனீரு."

அந்த ஆள் தூணைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். அவன் பேசப்போகிறான் என்று யாரும் நினைக்கவில்லை.

"ஐயா, நான் இவுக மகன் இல்ல. ஆனா இவுகளுக்கு ஏத்துக்கிட மனசிருந்தா, நாந்தான் அந்த மகன்."

போதகர் ஐயாவின் கை தூக்கினபடி நின்றது. சன்னலில் கணக்கப்பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவன் அந்த வசனம் தெரிந்து சொன்னானா, தெரியாமல் வாயில் வந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மனசிருக்கு ஐயா" என்றாள் ஞானம்மை. "எனக்கு மனசிருக்கு."

போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. திருவிருந்துப் புத்தகத்தை உபதேசியார் பக்கம் தள்ளினார். "எழுதும் ஓய். இதுக்கு மேல என்ன வேணும்?"

உபதேசியார் பேனாவை மையில் தொட்டார். தாள்வரை கொண்டுபோனார். அங்கே நின்றது. மை சொட்டியது. பேனாவைக் கீழே வைத்தார்.

அவனைப் பார்த்துச் சொன்னார். "நீ நல்லவன். உனக்க பேரச் சொல்லு. எந்த ஊரு, எந்தப் பேருன்னாலும் எழுதுதேன். அம்மைக்க பக்கத்துல அந்தத் தடுக்குல இருத்துதேன். மேலிடம் கேட்டா நான் பதில் சொல்லுதேன். ஆனா இல்லன்னு நீயே சொன்ன பேர நான் எழுதமாட்டேன்."

அவன் ஞானம்மையைப் பார்த்தான். மாட்டேன் என்று தலையை ஆட்டினான். பெயரைச் சொல்லவில்லை.

ஞானம்மை நெடுக விழுந்து உபதேசியாரின் இரண்டு காலையும் பிடித்தாள். "ஒரு பேருதானே உபதேசியாரே. மூணெழுத்து. எழுதுனா ஒமக்கு என்ன குறைஞ்சு போவும்?"

அவர் காலை இழுத்துக்கொண்டார். அவள் விடவில்லை. தரையில் ஒரு முழம் இழுபட்டு வந்தாள். அவர் எழுதவில்லை.

"பெத்திருந்தா தெரியும்" என்று எழும்பினாள். அவருக்குப் பிள்ளை இல்லை. அது ஊருக்குத் தெரியும்.

"அடுத்த மாசம் பாப்போம்" என்று போதகர் ஐயா முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு ஞானம்மை வரவில்லை. தடுக்கு மட்டும் கிடந்தது. திங்கட்கிழமை காலையில் அவள் மருந்து வாங்க வடசேரிக்குப் போனாள். திரும்பி வந்தபோது பாய் சுருட்டி வைத்திருந்தது. ஆள் இல்லை. மூட்டையும் இல்லை.

மத்தியானம் கழிந்து ஒரு காளைவண்டி வந்து கோயில் வாசலில் நின்றது. தோவாளையிலிருந்து சந்தைக்குப் பூக்கொண்டு போகிறவன். காலிப் பூக்கூடைகளை ஓரமாக அடுக்கி நடுவில் அவனைக் கிடத்தியிருந்தான். "கெழக்க ரோட்டோரம் கெடந்தான், வண்டியத் திருப்பினேன். இங்க காச்சல்ல கெடந்த ஆளுல்லா?" என்றான். உடம்பு ஆறிவிட்டிருந்தது. மலையிலிருந்து இறங்கியவன் திரும்ப மேற்கே மலைக்குப் போகவில்லை, கிழக்கே போயிருக்கிறான். ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டினால் பாண்டி. அன்று அதை நான் யோசிக்கவில்லை.

ஞானம்மை அழவில்லை. "குளிப்பாட்டுங்க" என்றாள்.

உபதேசியாரும் நானும் கோயில் பின்புறக் கொட்டகையில் குளிப்பாட்டினோம். நல்ல துணி ஏதாவது இருக்கிறதா என்று மூட்டையை அவிழ்த்தேன். ஒரு சட்டை. ஒரு தகரக் குவளை. எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு தாள்.

உபதேசியார் தாளை வாசித்தார். என்னிடம் நீட்டினார். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். நேரம் ஆயிற்று.

அது சபைக் கடிதம். பாண்டிப் பக்கத்து ஊர் ஒன்றின் சபை. இதைக் கொண்டுவருகிறவர் இன்னார், எங்கள் சபையில் நல்ல நடக்கையுள்ளவர், குடும்பஸ்தர், மலைவேலைக்குப் போகிறார், போகிற இடத்துச் சபை சேர்த்துக்கொள்ளவும் என்று எழுதி ஒப்பமிட்டிருந்தது. பெயர் தாவீது இல்லை.

சொம்பு கையில் இருந்தது, ஊற்றத் தெரியவில்லை.

"கையில இருந்துச்சே உபதேசியாரே. இதக் காட்டியிருந்தா அன்னைக்கே தீந்திருக்குமே. கூட்டமே வேண்டாமே."

"காட்டல்ல" என்றார்.

"ஏன்?"

அவர் சொம்பை என் கையிலிருந்து வாங்கி ஊற்றினார். ஒன்பது நாள் அவள் கையால் கஞ்சி குடித்தவன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

அவர் தகரப்பெட்டியிலிருந்து செத்தவர்கள் புத்தகத்தை எடுத்தார். நான் பென்சிலை எடுப்பார் என்று பார்த்தேன். மைக்கூட்டைத் திறந்தார். பெயர் என்ற இடத்தில் தாவீது என்று எழுதினார். தாய் என்ற இடத்தில் ஞானம்மை என்று எழுதினார். ஊதிக் காயவைத்தார்.

எந்தப் பிணத்தைப் பார்த்தும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

"உபதேசியாரே, என்ன செய்யுதீரு? அவன் இல்லன்னானே. நீரே கேட்டீரே. இந்தா கடுதாசி."

"அவன் கடைசியா என்ன சொன்னான்?"

அவர் பேனாவைத் துடைத்து வைத்தார்.

"இல்லன்னு முதல்ல சொன்னான். கடைசியா என்ன சொன்னான்? அவளுக்கு மனசிருந்தா நான்தான்னான். அவ மனசிருக்குன்னா. அதுக்குப் பொறவு அவன் மாத்திச் சொல்லல்ல. கையில கடுதாசிய வச்சுக்கிட்டும் சொல்லல்ல. முதல் சாட்சி அவன்தானே?"

"அப்போ அன்னைக்கு ஏன் எழுதல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அடிபட்ட மாட்டின் முகம்.

"அன்னைக்கு எனக்குக் கேக்கல்ல" என்றார்.

கடிதத்தை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "நீயும் வாசிச்சிட்ட. சொல்லணும்னு தோணுனா சொல்லிக்கோ. நான் தடுக்கமாட்டேன்."

குழி நான் வெட்டினேன். ஞானம்மை முதல் பிடி மண் போட்டாள். "தாவீது, எனக்க மக்களே, போயிட்டு வா" என்றாள். சிலுவையில் அந்தப் பெயரை எழுதினோம். இதை எழுதும் இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

போதகர் ஐயா அடுத்த மாதம் வந்து புத்தகத்தைப் பார்த்தார். உபதேசியாரின் கையெழுத்து. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம் உபதேசியார் கர்த்தருடைய வார்த்தைக்குக் கீழ்ப்பட்டார் என்று பிரசங்கத்தில் சொன்னார். கருப்பட்டிக்கடைக்காரர்கூடத் தலையை ஆட்டினார். பிரசங்கம் முடிந்ததும் உபதேசியார் தகரப்பெட்டியின் சாவியைப் போதகரிடம் கொடுத்தார். இனி வேலை வேண்டாம் என்றார். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை. பிறகு வயலில் கூலிக்குப் போனார். யாராவது வேதத்தில் ஒரு கேள்வி கேட்டால், "எனக்குத் தெரியாது" என்பார். கணக்கப்பிள்ளை மட்டும் அவரை வழியில் கண்டால் மரியாதையாகக் குடையைத் தாழ்த்துவார். வழக்குப் பேச்சை அவரும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. அடக்கம் முடிந்த மறுநாளே உபதேசியார் ஊரில் இல்லை. வீடு சந்திக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். வீடு சந்திக்க அவர் எங்கள் ஊரைத் தாண்டுவதில்லை. ஆறாம் நாள் உச்சிப்பொழுதில் திரும்பி வந்தார். பஸ் ஓடத் தொடங்கிய காலம். பஸ்ஸில் வரவில்லை. கிழக்கேயிருந்து நடந்து வந்தார். கோயில் படியில் உட்கார்ந்தார். குதிகால் இரண்டும் வெடித்திருந்தது. வெள்ளம் கொண்டுவந்து கொடுத்தேன்.

"அவனுக்க வீட்டக் கண்டீரா?"

"கண்டேன்."

"சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு."

"புத்தகத்துல எழுதுனதும்?"

"அதும். சிலுவைல எழுதுனதும்."

"என்ன சொன்னாவ?"

அவர் வெள்ளத்தைக் குடித்து முடித்தார். சொம்பைக் கீழே வைத்தார்.

"அவனுக்க பெண்டாட்டி ஒண்ணு கேட்டா. அவரு அங்க வேற ஒருத்தருன்னா, இங்க நாங்க யாரு ஐயான்னு."

"நீரு என்ன சொன்னீரு?"

தலையை ஆட்டினார். ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

எனக்கு வேறு கேட்கத் தெரியவில்லை. "வீட்டுல எத்தன பேரு?" என்று கேட்டேன்.

"நாலு."